குதிரைக்கு ஒரு நோட்டு, நாய்க்கு ஒரு நோட்டு: ஒரு சிறு பண்ணையில் சர்ரா நோய்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2022 ஆடி மாதம் தொடங்கி 2023 மாசி வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நான் அந்தப் பகுதியில் சொந்தமாகத் தொழில் செய்யும் கால்நடை மருத்துவர். ஆட்களின் பெயரையும் ஊரின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். தேதிகளும் காய்ச்சல் அளவுகளும் பண்ணையின் நோட்டுகளிலிருந்தும் என் டைரியிலிருந்தும் எடுத்தவை. குதிரையையும் நாயையும் தாக்கும் சர்ரா என்ற ரத்த நோய் அது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஆறு வாரத்துக்கு மேல் ஆனது. அந்தத் தாமதத்தில் என் பங்கு பெரியது என்பதால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பண்ணையும் பண்ணைக்காரரும்

ராயக்கோட்டைக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவே நாலு ஏக்கர் நிலம். பாதி மாந்தோப்பு, கால்வாசி தீவனப்புல், மீதி லாயமும் நாய்க்கொட்டகையும் வீடும். கொல்லைப்புறமாக 300 மீட்டர் நடந்தால் ஏரி. சுற்றிலும் தக்காளித் தோட்டங்கள், ராகிக் கொல்லைகள்.

பண்ணைக்காரருக்கு அப்போது 58 வயது. டெம்போ ஓட்டிச் சம்பாதித்தவர். சின்ன வயதில் அடிபட்ட நாய், இறக்கை முறிந்த காக்கை என்று எதையாவது வீட்டுக்குத் தூக்கி வந்து அம்மாவிடம் திட்டு வாங்கியதை இப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வார். ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824-இல் பிரிட்டிஷ் படைக்காகத் தொடங்கிய குதிரைப் பண்ணை இன்று அரசுக் கால்நடைப் பண்ணையாக இருக்கிறது. தன் கொள்ளுத்தாத்தா அங்கே புல் அறுத்தவர் என்பது அவர் வீட்டுப் பேச்சு. நாற்பது வயதில் முதல் குதிரையை வாங்கினார். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் போய் நாள் முழுக்கக் குதிரை பார்த்துவிட்டு, வாங்காமலே திரும்புவார். அவருக்கு அதுவே போதும்.

2022 ஆடிக்கு முன்னால் பண்ணையில் ஒரு ஆண்குதிரை, இரண்டு பெட்டைகள், ஒன்றரை வயதுக் குட்டி ஒன்று இருந்தன. பெட்டைகளில் ஒன்று மாசியில் இணை சேர்த்தது, சினை. நாய்களில் ராஜபாளையம் மூன்று, சிப்பிப்பாறை ஐந்து. குட்டி விற்பது, கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஆண்குதிரையை வாடகைக்கு அனுப்புவது என்று வருமானம். தீவனச் செலவுக்கே அது சரியாகப் போகும்.

இவர் பதிவு வைக்காத ஆள் இல்லை. குதிரைக்கு ஒரு நீண்ட நோட்டு, நாய்க்கு ஒரு நீண்ட நோட்டு. லாடம் அடித்த தேதி, பூச்சி மருந்து கொடுத்த தேதி, ஈன்ற தேதி எல்லாம் இருக்கும். குதிரைக்கு என்னைக் கூப்பிடுவார். நாய்களை டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோவார். அங்கே குளிர்சாதன வசதி உண்டு, தடுப்பூசி எப்போதும் இருக்கும். நாய் நோட்டை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அந்தக் கிளினிக் மருத்துவருக்குக் குதிரை நோட்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது.

குதிரைகளையும் நாய்களையும் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பம் பண்ணையிலேயே தங்கியிருந்தது. கணவருக்கு லாயம், மனைவிக்கு நாய்க்கொட்டகை.

புதுப் பெட்டை

ஜூலை 24 அன்று ஒரு தரகர் மூலம் ஆறு வயதுப் பெட்டை ஒன்று வந்தது. நல்ல செந்நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காது நுனிகள் உள்பக்கம் வளைந்த மார்வாரி ஜாதி. விலை 1,40,000 ரூபாய். விலா எலும்பு கொஞ்சம் தெரிந்தது. "சந்தை சந்தையா நின்னு இளைச்சிருக்கு, பத்து நாள் கொள்ளு வெச்சா சரியாயிடும்" என்றார் தரகர். நம்பும்படியான பேச்சுதான். சந்தையில் நின்ற குதிரை இளைக்கத்தான் செய்யும்.

ரத்தப் பரிசோதனை செய்யவில்லை. தனியாகக் கட்டவும் இல்லை. மறுநாளே லாயத்தில் சினைப் பெட்டைக்குப் பக்கத்துத் தடுப்பில் நின்றது. அந்த வாரமே நான் போய் டெட்டனஸ் ஊசி போட்டேன். குதிரையைத் தொட்டுப் பார்த்தேன், பல் பார்த்தேன், குளம்பு பார்த்தேன். காய்ச்சல் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் பண்ணைக்காரர் எல்லாக் குதிரைகளுக்கும் இரும்புச்சத்து ஊசி போட்டார். மருந்துக்கடையில் வாங்கி அவரே போடுவது வழக்கம். இது எனக்கு அப்போது தெரியாது. ஒரே சிரிஞ்சு, ஒரே ஊசி என்பது அக்டோபரில்தான் பேச்சுவாக்கில் வெளிவந்தது.

முதல் காய்ச்சல், முதல் தவறு

அந்த வருஷம் ஆவணியிலேயே நல்ல மழை. ஏரி நிரம்பியது. லாயத்தின் பின்னால் எருக்குழியைச் சுற்றித் தண்ணீர் தேங்கியது.

ஆகஸ்ட் 20 அன்று புதுப் பெட்டைக்கு 104 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல். குதிரைக்கு 99 முதல் 101.5 வரை இயல்பு. பண்ணைக்காரர் கைவசம் இருந்த காய்ச்சல் மருந்தைக் கொடுத்தார். இரண்டு நாளில் இறங்கியது. குதிரை நோட்டில் "மழைக் காய்ச்சல், சரியாயிடுச்சு" என்று எழுதியிருக்கிறார்.

செப்டம்பர் 5 அன்று மறுபடியும் காய்ச்சல். இந்த முறை என்னை அழைத்தார். காலையில் 104.2 இருந்ததாகச் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தது மாலை. அதற்குள் காய்ச்சல் மருந்து கொடுத்திருந்தார், 101.4 ஆகியிருந்தது. அப்போதுதான் ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றிப் பார்த்தேன். கிருமி எதுவும் தெரியவில்லை. தாடைக்கடியில் இரண்டு உண்ணிகள் இருந்தன. உண்ணிக் காய்ச்சல் என்று முடிவு கட்டி ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் போட்டேன். மூன்று நாளில் காய்ச்சல் போனது. மருந்து வேலை செய்தது என்று நினைத்தேன். மருந்தே போடாவிட்டாலும் அது போயிருக்கும் என்பது இப்போது தெரிகிறது.

சர்ரா எப்படி நடந்துகொள்ளும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இது டிரிப்பனோசோமா எவான்சி என்ற ஒற்றைச் செல் உயிரியால் வருகிறது. 1880-இல் பஞ்சாபில் படைக் குதிரைகளும் ஒட்டகங்களும் செத்தபோது அவற்றின் ரத்தத்தில் இதைக் கண்டவர் கிரிஃபித் எவான்ஸ் என்ற படைக் கால்நடை மருத்துவர். பெயரில் இருப்பது அவர்தான். இது ரத்தத்தில் பெருகும்போது காய்ச்சல் ஏறும். உடல் எதிர்த்து அடிக்கும், கிருமி குறையும், காய்ச்சல் இறங்கும். தப்பிய சில கிருமிகள் மேல்தோலின் புரதத்தை மாற்றிக்கொண்டு, உடலுக்கு அடையாளம் தெரியாத புது ஆள் போலத் திரும்பப் பெருகும். அதனால் காய்ச்சல் விட்டுவிட்டு வரும். காய்ச்சல் இறங்கிய நேரத்தில் எடுத்த ரத்தத்தில் கிருமி கண்ணில் படுவது அரிது. நான் எடுத்தது அந்த நேரத்தில்தான். "ஒன்றும் தெரியவில்லை" என்ற முடிவை "ஒன்றும் இல்லை" என்று படித்துவிட்டேன். கல்லூரியில் இதைப் பாடமாகப் படித்தவன்தான் நான்.

நாயின் கண்

செப்டம்பர் 12 அன்று மூன்று வயதுச் சிப்பிப்பாறைப் பெட்டை நாய்க்கு இடது கண் மங்கலானது. "கண்ணுல பால் ஊத்துன மாதிரி இருக்கு" என்று கவனித்துச் சொன்னவர் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. கிளினிக்கில் புதர் முள் கீறியிருக்கும் என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். வேலியோரம் முட்புதர் இருந்தது, அந்த நாய் அதற்குள் நுழைந்து ஓணான் துரத்தும், ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாய் நோட்டில் "இடது கண், முள்" என்று ஒரு வரி.

அதே வாரத்தில் அந்த நாய் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அது நோட்டில் இல்லை. அந்த அம்மா பின்னால் நினைவுபடுத்திச் சொன்னது.

செப்டம்பர் 25 அன்று சினைப் பெட்டைக்கு அடிவயிற்றிலும் பின்னங்கால்களிலும் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. "சினை வீக்கந்தானே டாக்டரே?" என்று போனில் கேட்டார். ஆமாம் என்றேன். குதிரைக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். அடிவயிற்று வீக்கம் கடைசி மாதத்தில் வருவது சகஜம். இந்தப் பெட்டைக்கு அப்போது ஏழு மாதம்தான். போனில் பேசும்போது மாதத்தை எண்ணிப் பார்க்கவில்லை. நேரில் போயிருந்தால் எண்ணியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

அக்டோபர் 1-க்குள் புதுப் பெட்டை எலும்பும் தோலுமாக ஆகியிருந்தது. விசித்திரம் என்னவென்றால் தீவனம் குறையவே இல்லை. ஊறவைத்த கொள்ளு, தவிடு, புல் எல்லாவற்றையும் காலி செய்தது. வயிறார தின்றும் இளைக்கிற குதிரை என்றால் பல், குடற்புழு, சர்ரா மூன்றையும் நினைக்க வேண்டும். பல்லை ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னேன்.

அக்டோபர் 4

அன்று நான் போனது புதுப் பெட்டை நடக்கும்போது பின்பக்கம் தள்ளாடுகிறது என்பதற்காக. திருப்பி நடக்கவிட்டால் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று இடறின. கண் சவ்வு வெளிறி, ஓரத்தில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள். ரத்தம் எடுத்ததில் ஹீமோகுளோபின் 6.4 கிராம். குதிரைக்கு 11-க்குக் குறையக் கூடாது.

லாயத்து வாசலில் அந்தச் சிப்பிப்பாறை படுத்திருந்தது. அதன் இரண்டு கண்களும் இப்போது நீலம் கலந்த வெண்மை. நான் நாயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தண்ணீர்க் குடத்தோடு வந்த அந்த அம்மாதான் பேச்சைத் தொடங்கினார்.

"சார், இந்த நாயி பகல் பூரா லாயத்துலதான் படுத்துக் கெடக்கும். குதிரையக் கடிச்சிட்டு எந்திரிக்கிற பெரிய ஈ அப்புடியே இது மேல வந்து உக்காருது. பாருங்க, காதுல ரத்தம்."

காது நுனியில் காய்ந்த ரத்தம் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மாட்டு ஈ பெட்டையின் தோளில் உட்கார்ந்தது. குதிரை தோலைச் சிலிர்த்தது, ஈ எழுந்து ஒரு சுற்று சுற்றி நாயின் முதுகுக்குப் போனது. எல்லாம் பத்து நொடிக்குள்.

சர்ரா பரவும் விதம் இதுவேதான். மலேரியாவில் கொசுவின் உடலுக்குள் கிருமி வளர்வதுபோல் இதில் எதுவும் நடப்பதில்லை. மாட்டு ஈயின் கடி கத்தி வெட்டுப்போல வலிக்கும், விலங்கு உதறும், ஈ பாதியில் எழுந்து அடுத்ததிடம் போகும். வாயில் ஒட்டிய ரத்தம் காயும் முன்னால் அடுத்த கடி விழுந்தால் கிருமி கைமாறும். நாய்க்குச் சர்ரா வந்தால் கருவிழி மங்குவது முக்கிய அடையாளம். குதிரையின் தள்ளாட்டம், தின்றும் இளைப்பது, சினைப் பெட்டையின் வீக்கம், நாயின் கண் எல்லாம் தனித்தனியாக இருந்தவரை எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அன்று மாலை வரை அங்கேயே இருந்தேன். ஐந்தரை மணிக்குப் பெட்டைக்கு 104.6. காய்ச்சல் மருந்து கொடுக்க வேண்டாம் என்று தடுத்து, ரத்தம் எடுத்து, ஒரு துளியைச் சாயமேற்றாமல் தகட்டில் வைத்து மேலே மெல்லிய கண்ணாடி மூடி, என் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது கிருமி இல்லை. அசையாமல் கிடக்க வேண்டிய சிவப்பணுக் கூட்டம் ஓரிடத்தில் மட்டும் குலுங்கியது, உள்ளே யாரோ இடித்துக்கொண்டு போவதுபோல. அப்புறம் அது வெளியே வந்தது. நெளிந்து நெளிந்து போகும் மெல்லிய நூல். அந்த ஒரு வட்டத்திலேயே நாலைந்து இருந்தன.

நாயின் ரத்தத்தில் தேடிப் பிடிக்க இருபது நிமிஷம் ஆனது. ஒன்றே ஒன்று. ஒன்று போதும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்றிரவே பண்ணைக்காரரோடு உட்கார்ந்து பேசினோம். கிளினிக் மருத்துவரையும் போனில் சேர்த்துக்கொண்டோம். இரண்டு நோட்டுகளையும் ஒரே மேஜையில் விரித்து வைத்தது அதுதான் முதல் தடவை. பகுதியின் அரசுக் கால்நடை உதவி மருத்துவருக்குத் தகவல் சொன்னேன். அவர் மறுநாளே வந்தார்.

முதல் கேள்வி யார் யாரைப் பரிசோதிப்பது என்பது. ஐந்து குதிரை, எட்டு நாய், ஒரு ஈற்றின் ஆறு குட்டிகள் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தோம். அதோடு வேலிக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் மூன்று மாடுகளும் ஓர் எருமையும் இருந்தன. மாட்டுக்கும் எருமைக்கும் சர்ரா வந்தால் பல நேரம் வெளியே எதுவும் தெரியாது. பால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆனால் ரத்தத்தில் கிருமியை மாதக்கணக்கில் சுமக்கும். அவருக்கு இது பிடிக்கவில்லை. "உங்க குதிரைக்கு நோவுன்னா என் எருமைய ஏன் குத்தணும்?" என்றார். அரசு மருத்துவர் பேசித்தான் சம்மதித்தார்.

மைக்ராஸ்கோப்பில் புதுப் பெட்டையும் அந்தச் சிப்பிப்பாறையும் மட்டுமே அகப்பட்டன. ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்பிய ரத்த நீரில் எட்டு நாள் கழித்து முடிவு வந்தது. சினைப் பெட்டை, இன்னொரு சிப்பிப்பாறை ஆண் நாய், பக்கத்து வீட்டு எருமை மூன்றுக்கும் நோய் எதிர்ப்பொருள் இருந்தது, அதாவது கிருமி உடலுக்குள் போயிருந்ததற்கான அடையாளம். ஆண்குதிரை, இன்னொரு பெட்டை, ஒன்றரை வயதுக் குட்டி, ராஜபாளையங்கள், நாய்க்குட்டிகள் எல்லாம் சுத்தம்.

இரண்டாவது கேள்வி மருந்து. குதிரைக்குப் பொதுவாகப் போடுவது குயினாபிரமின். சல்பேட், குளோரைடு இரண்டும் கலந்தது, தோலுக்கடியில் போட வேண்டும். போட்ட இடம் வீங்கும், சில குதிரைகள் வேர்த்து, எச்சில் வடித்து, வயிற்றுவலியில் புரளும். ஆகவே எடை பார்த்து, அளவைப் பிரித்து, கழுத்தின் இரு பக்கமும் இரண்டு மூன்று இடங்களில் போட்டோம். கிருமி தெரிந்த புதுப் பெட்டைக்கும் நாய்க்கும் அக்டோபர் 5 அன்றே தொடங்கினோம், முடிவுக்குக் காத்திருக்கவில்லை. நோயற்ற குதிரைகளுக்கும் தடுப்பாக ஒரு முறை போட்டோம். குளோரைடு உப்பு மெல்லக் கரைவதால் இரண்டு மூன்று மாதம் காப்பு கொடுக்கும், ஈக் காலம் அதற்குள் முடிந்துவிடும் என்பது கணக்கு.

சினைப் பெட்டைக்குப் போடுவதா வேண்டாமா என்பதில்தான் இரண்டு நாள் போனது. போடாமல் விட்டால் நோயே கருவைக் கலைக்கலாம், பெட்டையையும் கொல்லலாம். போட்டால் மருந்தின் வேகத்தைச் சினைப் பெட்டை தாங்குமா என்ற பயம். பண்ணைக்காரர் என்னைப் பார்த்து, "குட்டி போனா அடுத்த வருஷம் வரும். தாய் போச்சுன்னா?" என்றார். அக்டோபர் 16 அன்று போட்டோம். மூன்று மணி நேரம் வேர்த்து, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, இரண்டு முறை படுத்து எழுந்தது. நடத்திக்கொண்டே இருந்தோம். இரவு பத்து மணிக்குச் சாணம் போட்டதும்தான் வீட்டுக்குக் கிளம்பினேன்.

மூன்றாவது கேள்வி நாய்க்குட்டிகள். ராஜபாளையம் ஈன்ற ஆறு குட்டிகளுக்கும் முன்பணம் வாங்கியாகிவிட்டது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. அக்டோபர் 10 அன்று எட்டு வாரம் முடிகிறது. தாய்க்கும் குட்டிகளுக்கும் முதல் பரிசோதனை சுத்தம் என்றாலும், நோய் உள்ள பண்ணையிலிருந்து ஒரு மாதம் எதையும் வெளியே விட வேண்டாம் என்றேன். இரண்டு பேர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மீதி நால்வர் காத்திருந்தார்கள். நவம்பர் நடுவில் மறு பரிசோதனை செய்தே அனுப்பினோம். (அதே விதிகளின்படி இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். இவர் செய்திருக்கவில்லை. இந்தக் கலவரத்தில் அதற்கும் விண்ணப்பம் போட்டார்.)

வேலை செய்யும் குடும்பத்துக்கு வேறு கவலை. "எங்களுக்கு வருமா சார்?" மனித ரத்தத்தில் இந்தக் கிருமியைக் கரைக்கும் ஒரு புரதம் இயல்பாகவே இருக்கிறது. அந்தப் புரதம் இல்லாத ஒரு விவசாயிக்கு 2004-இல் மகாராஷ்டிரத்தில் நோய் வந்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அவ்வளவு அரிது. கையில் வெட்டுக் காயம் இருக்கும்போது குதிரை ரத்தத்தைத் தொட வேண்டாம், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் பண்ணை விஷயத்தைச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஈயோடு போராட்டம்

மருந்தைவிட இதற்கே அதிக உழைப்பு. மாட்டு ஈ நல்ல வெயிலில் கடிக்கும், இருட்டான கொட்டகைக்குள் வரத் தயங்கும். அதுவரை குதிரைகள் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை ஏரிப்பக்கம் மேய்ந்தன. அதைத் தலைகீழாக்கினோம். விடிகாலை நாலரைக்கு அவிழ்த்து எட்டுக்குள் லாயத்துக்குள் கட்டுவது, மறுபடியும் இருட்டிய பிறகு ஒரு மணி நேரம். லாயத்துக்கு மூன்று பக்கமும் பச்சை நிழல்வலை. முதல் வாரம் அவிழ்க்க எழுந்தவர் பண்ணைக்காரர், அப்புறம் அந்தக் குடும்பம், பிறகு அலாரம் வைத்த செல்போன்.

எருக்குழியை மாந்தோப்பின் கடைசிக்கு மாற்றினோம். ஈரச் சாணமும் நனைந்த வைக்கோலும் கிடந்தால் லாய ஈ பெருகும், அதுவும் கடிக்கும். தண்ணீர்த் தொட்டியின் கசிவை அடைத்தோம். நீலத்துணியும் கறுப்புத் துணியும் தைத்து, மேலே கொசுவலைக் கூம்பு வைத்த பொறி இரண்டு செய்தார். மாட்டு ஈக்கு அந்த நிறங்களின் மேல் ஈர்ப்பு உண்டு. முதல் நாள் மாலை கூம்பில் கிடந்தவற்றை அந்த அம்மா முறத்தில் கொட்டி எண்ணினார். 63. வேப்பிலைப் புகையும் போட்டார்கள். புகை இருக்கும்வரை பலன், அணைந்தால் இல்லை.

நாய்கள் பகலில் லாயத்துக்கு வராதபடி கம்பிக் கதவு. சிப்பிப்பாறைகளுக்கு வாரம் இருமுறை பச்சை இறைச்சி போடும் வழக்கமும் நின்றது. நோயுள்ள விலங்கின் பச்சை இறைச்சி மூலமும் நாய்க்குச் சர்ரா வரும். கடையில் வாங்கும் இறைச்சி எந்த மாட்டினுடையது என்று யாருக்குத் தெரியும்?

ஊசி விஷயம் வெளிவந்தது இந்த நாட்களில்தான். நான் ஒவ்வொரு குதிரைக்கும் புது ஊசி பிரிப்பதைப் பார்த்து, "ஆகஸ்ட்ல நான் ஒண்ணுலயே போட்டேனே" என்றார். புதுப் பெட்டைக்கு முதலில் போட்டு, அடுத்துச் சினைப் பெட்டைக்குப் போட்டிருக்கிறார். ஈயின் வாய் செய்யும் அதே வேலையை ஊசியும் செய்யும்.

என்ன ஆனது

சிப்பிப்பாறைப் பெட்டை நாய்க்கு வலது கண் ஐந்து வாரத்தில் தெளிந்தது. இடது கண்ணில் மட்டும் அரிசி அளவுக்கு ஒரு தழும்பு நின்றுவிட்டது. ஆண் நாய்க்குக் கடைசிவரை எந்த அறிகுறியும் வரவில்லை, சிகிச்சை மட்டும் கொடுத்தோம்.

சினைப் பெட்டை அக்டோபர் 27 அன்று எட்டு மாதக் கருவைக் கலைத்தது. ஆண் குட்டி. நோயா, மருந்தா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. பண்ணைக்காரர் கேட்டபோது அதையே சொன்னேன். பெட்டை பிழைத்தது. வீக்கம் மூன்று வாரத்தில் வடிந்தது.

புதுப் பெட்டை முதலில் நன்றாகத் தேறியது. நவம்பர் நடுவில் ஹீமோகுளோபின் 9.8. தள்ளாட்டமும் குறைந்திருந்தது. நவம்பர் 29 அன்று மறுபடியும் பின்பக்கம் சாய்ந்தது. இந்த மருந்து மூளைக்குள் சரியாகப் போகாது. கிருமி அங்கே ஒளிந்திருந்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்த பிறகும் திரும்பும். இரண்டாம் சுற்று மருந்து கொடுத்தோம். டிசம்பர் 8 அன்று விழுந்தது, எழவில்லை. டிசம்பர் 10 விடிகாலை செத்தது. மாந்தோப்பில் பொக்லைன் வைத்துக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். செப்டம்பர் 5 அன்று சரியான நேரத்தில் ரத்தம் எடுத்திருந்தால், மூளைக்குப் போகும் முன்னால் பிடித்திருக்க வாய்ப்பு இருந்தது.

2023 பிப்ரவரியில் எல்லா விலங்குகளுக்கும் மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம், எதிலும் கிருமி இல்லை. குதிரையின் விலை, ஆய்வகம், மருந்து, வலை, திருப்பிய முன்பணம் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் போயிருக்கும் என்று கணக்குப் பார்த்தார். கலைந்த குட்டியை அந்தக் கணக்கில் அவர் சேர்க்கவில்லை.

நோய் எங்கிருந்து வந்தது? பண்ணைக்காரர் தரகரைத் திட்டுகிறார். புதுப் பெட்டை வந்து நாலு வாரத்தில் காய்ச்சல் என்பதும், வந்தபோதே இளைத்திருந்தது என்பதும் அந்தப் பக்கம் காட்டுகின்றன. ஆனால் எருமை மூன்று வருஷமாக வேலிக்கு அந்தப்பக்கம் நிற்கிறது, ஏரி பக்கத்தில், அந்த வருஷம் மழை அதிகம். எருமையிடமிருந்து புதுப் பெட்டைக்கு வந்திருக்கவும் முடியும். வந்த அன்றே ரத்தம் எடுத்திருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும். சினைப் பெட்டைக்கு ஈயைவிட ஊசி மூலம் போயிருக்கவே அதிக வாய்ப்பு என்பது என் எண்ணம், ஏனென்றால் லாயத்தில் வரிசையாக நின்ற மற்றக் குதிரைகள் தப்பின. அவை ஊசி வரிசையில் அவளுக்குப் பின்னால் இருந்தன. நாய்களுக்கு ஈ, அல்லது இறைச்சி.

இப்போது செய்வது

நோட்டு ஒன்றுதான். இடது பக்கம் குதிரை, வலது பக்கம் நாய், ஒரே தேதி வரிசை. கிளினிக் மருத்துவரும் நானும் மாதம் ஒருமுறை அதன் போட்டோவை வாட்ஸ்அப்பில் பார்க்கிறோம். அந்த அம்மாவின் கையில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கிறது. யாராவது ஒரு வேளை சாப்பிடாவிட்டாலும் எழுதுகிறார். அவர் கையெழுத்து பண்ணைக்காரரைவிடத் தெளிவு.

புதிதாக வரும் எதுவும் மாந்தோப்பின் கடைசியில் தனிக் கொட்டகையில் 30 நாள். தினம் இருமுறை காய்ச்சல் பார்ப்பது, வந்த அன்றும் 30-ஆம் நாளும் ரத்தம், இடையில் காய்ச்சல் ஏறினால் மருந்துக்கு முன்னால் ரத்தம். ஈக் காலமான ஆவணி முதல் கார்த்திகை வரை புதிதாக எதுவும் வாங்குவதில்லை. அந்தியூருக்குப் போய்ப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

நான் என் பக்கத்தில் மாற்றியது இது: விட்டுவிட்டு வரும் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால், காய்ச்சல் ஏறியிருக்கும்போது என்னைக் கூப்பிடுங்கள், ராத்திரி ஆனாலும் சரி என்று சொல்லிவிடுகிறேன். பண்ணைக்குள் போனால் என்னைக் கூப்பிட்ட விலங்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை.

சரிசெய்ய முடியாமல் போனது ஒன்று. எருமைக்கு அக்டோபரில் மருந்து போட்டோம், ஜனவரியில் மறு பரிசோதனைக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். நாங்கள் போனபோது கொட்டகை காலியாக இருந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் விற்றுவிட்டாராம். யாருக்கு என்று கேட்டோம். சந்தையில் கைமாறியது, வாங்கினவர் எந்த ஊர் என்று அவருக்கே தெரியவில்லை.